ஓர் அரிசி அளவு பேஸ்ட்

ஜூலை 9, ஞாயிறு

பாபா இன்று தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தார். பாதி சட்டையில் போனது. பரவாயில்லை, மீதி வாய்க்குள் போனதே. பக்கவாதம் வந்த பிறகு யாரும் ஊட்டாமல் அப்பா குடித்த முதல் தேநீர். இறைவனுக்கு நன்றி.

என் விடுப்பு முடியப்போகிறது. வீட்டிலிருந்தே வரைந்து தருகிறேன் என்று உஸ்தாத் நிஸாரிடம் கேட்டேன். எங்கள் கட்டட அலுவலகத்தின் தலைவர். கெட்டவர் இல்லை, ஆனால் வாய்ப்பேச்சை நம்புகிற ஆளும் இல்லை.

"மன்சூர் வீட்டோட முப்பரிமாணப் படத்த உன் வீட்டுலேர்ந்தே முடிச்சு, அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல அனுப்பு சுஹாத். வந்துச்சுன்னா அங்கயே இரு. வரலைன்னா இங்க வந்து உக்காரு. அப்புறம் அழக்கூடாது."

நான் அங்கே போய் உட்கார்ந்தால் பாபாவை யார் பார்ப்பது? தங்கை ஷஹ்லா ஹில்லா ஊரில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப்போகத் தயாராக இருக்கிறாள். நான்கு பிள்ளைகள், இரண்டு அறைகள். பாபாவிடம் சொன்னால் "எங்க போட்டாலும் கெடப்பேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். எங்கள் பேட்டையான காழிமிய்யாவை விட்டு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்ததில்லை இந்த மனிதர்.

என் மடிக்கணினியோ, அந்த வீட்டின் கோப்பைத் திறந்தாலே முனகுகிறது. புதிதாக ஒன்று வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

கணினிக் கடைகள் நிறைந்த ஸினாஅ தெருவுக்குப் போனேன். வெயில் ஐம்பதைத் தொட்டிருக்கும். ஒரு கடையின் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, அங்கிருந்து நகர மனமில்லாததால் அந்தக் கடையிலேயே வாங்கிவிட்டேன். இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது.

கடைக்காரர் பெயர் யஃரப். என் வயதுதான் இருக்கும், வாய் ஓயாது. மேசைக் கணினிக்கான பாகங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கினார். பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலர் மட்டும் ஒரு சின்னக் கட்டடம்போல இருந்தது: தகடு தகடாக, பக்கத்தில் விசிறியோடு.

"பூட்டிக் குடுக்க அடுத்த வாரம் ஆகும் அக்கா. வரிசை இருக்கு."

"நானே பூட்டிக்கிறேன். நான் இன்ஜினியர்."

"அப்பச் சரி. பிராசஸர் மேல, சூட்டக் கூலருக்குக் கடத்தற பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும்."

"எந்த அரிசி? அம்பரா, பாஸ்மதியா?"

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எவ்வளவு நாளாயிற்று, நான் சொன்னதற்கு ஒருவர் சிரித்து.

ஜூலை 12, புதன்

பூட்டிவிட்டேன்! நானே!

பாபாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு அங்கேயே வேலை. அவருக்கும் பொழுது போகட்டும் என்றுதான். பிராசஸரை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை அழுத்தினபோது எழுந்த சத்தத்தில் என் உயிர் பாதி போயிற்று. அப்படித்தான் கேட்குமாம். பிறகு மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு தகடு, முன்னால் நான்கு கால்கள், அவற்றின் மேல் கூலர். பேஸ்ட் முதலில் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிட்டது. துடைத்தேன். இரண்டாவது முறை குழாயையே உருட்டிப் பிழிந்ததில் அம்பர் அரிசி கிடைத்தது. குழாய் காலி.

திருகுகளை ஒரே பக்கமாக முறுக்கக்கூடாது. குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கார்ச் சக்கரம் மாட்டுவதுபோலத்தான். இதை நான் சொல்லவில்லை, முப்பது வருடம் பேருந்து ஓட்டிய பாபா கட்டிலில் இருந்தபடி குழறிக் குழறிச் சொன்னார். "எதிர்... எதிர்... எதிர்ல முறுக்கு!" என்ன அதட்டல்! அதட்டுகிற பாபா திரும்பி வந்திருக்கிறார். கூலர் வாழ்க.

கணினி எழுந்தது. நன்றி, நன்றி.

ஜூலை 13, வியாழன்

நன்றியும் கிடையாது ஒன்றும் கிடையாது.

அந்த வீட்டின் முப்பரிமாணப் படத்தை ஓடவிட்டால் சற்று நேரத்தில் கணினி அணைந்துபோகிறது. முதல்முறை மின்சாரம் போயிற்று என்று நினைத்தேன், ஆனால் விளக்கு எரிகிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது. இரண்டாவது முறை திரையின் மூலையில் வெப்பத்தைக் கவனித்தேன். எண்பது, தொண்ணூறு, நூறு. அணைந்தது. மூன்றாவது முறையும். கூலரின் விசிறி என்னவோ நன்றாகத்தான் சுற்றுகிறது. தகடுகளைத் தொட்டால் சூடே இல்லை. உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, மேலே ஜில்லென்று இருக்கிறது. இது என்ன கூத்து?

போலிச் சரக்கு. வேறு என்ன!

யஃரபுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "போலியத் தலைல கட்டிட்டீங்கல்ல? பொம்பள தானே, என்ன தெரியும்னு நெனச்சீங்கல்ல? சனிக்கிழமை உங்க கடை வாசல்ல நின்னு தெருவே கேக்கறமாதிரி கத்தலைன்னா நான் சுஹாத் இல்ல!" இன்னும் சில வார்த்தைகள். எழுதக் கூசுகிறது.

ஷஹ்லாவுக்குப் போன் செய்து, நாளை வந்து பாபாவின் துணிமணிகளை எடுத்துக்கொள் என்றேன். காலையிலேயே வருகிறேன் என்றாள்.

ஜூலை 14, வெள்ளி

இதை எப்படி எழுத?

ஷஹ்லா காலையிலேயே வந்துவிட்டாள். அவள் பாபாவின் சட்டைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாமல், போலிச் சரக்கைச் சாட்சியாகக் கொண்டுபோகக் கூலரைக் கழற்றினேன். பிராசஸரில் பேஸ்ட் அப்பியிருந்தது. கூலரின் அடியிலும். அங்கே ஒரு மூலையில் ஏதோ வளைந்து நின்றது. நகத்தால் இழுத்தேன். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், பேஸ்டோடு சேர்ந்து உரிந்து வந்தது. கீழே செம்பு பளபளவென்று, புதுசு.

புதன்கிழமை நான் அந்தத் தாளைப் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, மூலை கிளம்பியிருந்ததை விரலால் நன்றாக நீவி ஒட்டவும் செய்தேன்! தூசி போகாதே என்று.

"என்ன அது?" என்றாள் ஷஹ்லா.

"உறை."

"எதோட உறை?"

"புதுசா வந்தா மேல இருக்குமே, அது. கழட்டணுமாம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் தொலைக்காட்சியின் ரிமோட். மூன்று வருடமாக நீலத்தாள் உரிக்காத குளிர்பெட்டி. அவள் வீட்டு சோபா மட்டும் என்ன வாழ்கிறது? கோடையில் உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு வரும், ஆனாலும் உறையைக் கழற்ற விடமாட்டாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, எனக்கும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம். பயந்துபோய் எழுந்தோம். பாபா சிரிக்கிறார்! வாய் ஒரு பக்கம் கோணி, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீரோடு. நோய் வந்ததிலிருந்து அவர் சிரித்ததே இல்லை.

சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "நான்... ஹில்லா... போகல. இந்த இன்ஜினியருக்கு... உறை கழட்ட... ஆள் வேணும்."

எங்கே போட்டாலும் கிடப்பேன் என்றவர். ஷஹ்லா சட்டையும் கையுமாகச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

சரி, அவர் சொல்லிவிட்டார். இனி நான் செய்தாக வேண்டும். பேஸ்டோ ஒரு துளி இல்லை. வெள்ளிக்கிழமை, கடைகள் மூடியிருக்கும். எனக்குத் தெரிந்து பேஸ்ட் வைத்திருக்கும் ஒரே ஆள், நேற்று நான் கிழித்துத் தொங்கவிட்ட ஆள். போன் செய்தேன். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளக் காத்திருந்தேன்.

"அக்கா," என்றார். "எங்கம்மா குளிர்சாதனத்த உறையோடவே ஒரு கோடை பூராவும் ஓட்டினாங்க. நீங்க பரவாயில்ல. வீடு எங்க?"

தொழுகை முடிந்து, இந்த வெயிலில், மோட்டார் சைக்கிளில் வந்தார். பேஸ்டை நீட்டினார். பணம் நீட்டினால் "எங்க கணக்குல இருக்கட்டும்" என்றார். அது மரியாதைக்கு எல்லோரும் சொல்வதுதானே என்று மறுபடியும் நீட்டினேன், மறுபடியும். நிஜமாகவே வாங்கவில்லை.

"நேத்து பேசினதுக்கு மன்னிச்சிடுங்க."

"ஐயோ, அத என் பொஞ்சாதி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டா. 'உங்கள இப்படித்தான் கேக்கணும், எனக்கும் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க'ன்னா."

இந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள். நான்தான் வீட்டுக்குள்ளேயே கிடந்து மறந்துவிட்டேன்.

ஜூலை 15, சனி

ஓடுகிறது. வெப்பத்தைப் பார்ப்பது பாபாவின் வேலை. "அறுபத்தெட்டு... எழுபது... அறுபத்தொம்பது" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசமாட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

அனுப்பிவிட்டேன். உஸ்தாத் நிஸாரின் பதில்: "மாடிப்படியில வெளிச்சம் கம்மி." அவ்வளவுதான். சரியா, இல்லையா?

ஜூலை 17, திங்கள்

மாடிப்படிக்கு வெளிச்சம் வைத்து அனுப்பினேன். அடுத்த வீட்டின் வரைபடம் வந்து விழுந்தது. இவரிடமிருந்து 'சரி' என்ற சொல் வராது, வேலைதான் வரும். ஷஹ்லாவிடம் சொன்னேன். முடிவு தெரியட்டும் என்று கையோடு கொண்டுபோயிருந்த பாபாவின் சட்டைகளைத் துவைத்து அனுப்புகிறாளாம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

காலையில் பக்கத்து வீட்டு உம் ரஅத் கதவைத் தட்டி, "சுஹாத்! தோல்மா கொண்டாந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தாள். அவள் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டாள். திராட்சை இலையில் அரிசி பொதிந்த அந்தத் தோல்மா மேல் ஆசை வேறு. வேலையை விட்டுவிட்டு எழப்போனேன்.

பாபா கை காட்டி என்னை உட்காரச் சொன்னார். தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, வாசல்வரை கேட்கும்படி, ஒரு சொல் குழறாமல் சொன்னார்:

"அவ ஆபீஸ்ல இருக்காம்மா. தட்ட வெச்சிட்டுப் போ."