அம்மாவின் நாற்காலிக்குக் கேட்காத சப்வூஃபர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், பெயின்ட் கடையும் ஓடுகிறது, எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் காது மந்தமாகிறதே, பாட்டாவது நன்றாகக் கேட்கட்டும் என்று நீ அனுப்பிய சப்வூஃபர், அந்த முழக்கப் பெட்டி, வந்தது. உன் பழைய அறையில் கட்டிலை எடுத்துவிட்டு நட்டநடுவே அவள் நாற்காலியைப் போட்டிருந்தேன். கடையில் கனமான சரக்கை மூலையில் தள்ளியே பழகியவன், இதையும் மூலையில் வைத்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்னண்ணே, வீட்டை இடிக்கிறீங்களா?" என்றார். அவளோ நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னும் போடலையா?" என்கிறாள். மிச்சமிருந்த காதும் போய்விட்டது என்றே நினைத்துக் கடைக்குப் போகாமல் படுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் போனில் காது விஷயத்தைச் சொல்லாமல், பெட்டிதான் சரியில்லை போல என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சின்ன ரூம்ல அந்த முழக்கம் சுவத்துல மோதித் திரும்பி, நடுவுல ஒண்ணையொண்ணு தின்னுடும் மாமா. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, பெட்டியை அது மேல வச்சுட்டு நீங்க சுவர் ஓரமாத் தவழ்ந்து பாருங்க, எங்க நல்லாக் கேக்குதோ அங்க பெட்டியை வைங்க" என்றார். மாமனாரைத் தவழவிட்ட முதல் மருமகன் இவராகத்தான் இருக்கும். உன் அம்மா வாசலில் நின்று, "பேரன் தவழ்றதைப் பாக்கக் குடுத்து வைக்கலை, இவரையாவது பாத்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் நிமிரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் ஓரிடத்தில் முழக்கம் திரண்டு வந்தது. பெட்டியை அங்கே வைத்து அவளை உட்கார வைத்தேன். நெஞ்சில் கை வைத்து, "இங்க வருதுங்க" என்றாள்.

ஆனால் கண்ணு, அதில் வருவது முழக்கம் மட்டும்தான். மெல்லிய குரல்கள்தான் முதலில் போகுமாம், டாக்டர் சொல்லிவிட்டார். உன் குரல் அவளுக்குப் போனில் கேட்டுப் பல மாதம் ஆகிறது. நீ பேசுவதை ஸ்பீக்கரில் கேட்டு நான் கையால் காட்டுவேன், அவள் "ம்ம், சாப்பிட்டியா, சரிம்மா" என்பாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். கெட்டுப்போகிற சரக்கை மறைத்து விற்றுப் பழக்கமில்லை எனக்கு, சொல்லிவிட்டேன். இடது காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. இனிப் பெட்டி எதுவும் அனுப்பாதே, நீ வா. பேரன் பேசத் தொடங்கிவிட்டான் என்கிறாய், அந்தக் குரலை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் மடியில் விடு, அழுதாலும் இடது காதுப் பக்கமாக அழட்டும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி மூச்சுவிடாதே. எப்போதும்போலப் பேசு, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசு, எனக்குக் கையால் காட்ட நேரம் வேண்டும்.

உன் அப்பா