ஓரக் குழிகள்

ஜூலை 7, திங்கள்

சிரோக்கோ. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து வரும் சூட்டுக் காற்று. லேப் ஏசி மறுபடி மண்டையைப் போட்டது. வாங்க வேண்டியவை: அரிசி, தயிர், பஸ் டிக்கெட்.

ஆனால் ரிசல்ட் வந்துவிட்டது! ஜீனை முடுக்கும் டி.என்.ஏ. துண்டுகள், நூற்றுக்கணக்கில், ஒரே ஓட்டத்தில். பாக்டீரியா எவ்வளவு பச்சையாக ஒளிர்கிறதோ அவ்வளவு வலுவான துண்டு. சில பிரமாதம். பேராசிரியர் தோளில் தட்டினார். இதை வைத்துத்தான் என் ஒப்பந்தம் நீளும். நீளாவிட்டால் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, கிடையாது. திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அறையில் கூட இருக்கும் மேரி அக்கா, லிபெர்த்தா தெருவில் படுக்கையிலிருக்கும் ஒரு சிஞ்ஞோராவை, வயதான அம்மாவை, பார்த்துக்கொள்பவர், மன்னார்க்காரி. வேலை முடிந்து வந்ததும் கேட்டார்.

"உந்தத் துண்டு என்ன செய்யும் பிள்ளை?"

"ரேடியோல சத்தம் கூட்டுற திருகு மாதிரிக்கா."

"அப்ப நல்லாக் கூட்டிவிடு. நீ போனா நான் இஞ்சை ஆரோடை கதைக்கிறது?"

ஜூலை 8, செவ்வாய்

தலைவலி. பாக்டீரியா வளர்த்த குழி குழியான பிளேட்டின் படம் உறுத்துகிறது. ஒளிர்பவை எல்லாம் ஓரக் குழிகளில். நடுவில் ஒன்றுகூட இல்லை.

சூட்டில் ஓரக் குழிகள் வற்றியிருக்கின்றன. மிச்சம் கெட்டியாகி அதிகமாக ஒளிர்ந்திருக்கிறது, துண்டின் வலுவால் அல்ல. ஓரத்தில் வெறும் தண்ணீர் விடுவதுதான் வழக்கம். பிளேட் வீணாகிறதென்று அங்கேயும் சாம்பிள் விடச் சொன்னவர் பேரா.

ஜூலை 10, வியாழன்

அதே துண்டுகள், நடுக் குழிகளில். ஓரத்தில் தண்ணீர். எல்லாம் மங்கல். ஒப்பிட வைத்திருந்த பழைய துண்டையே ஒன்றும் தாண்டவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

பேரா.விடம் காட்டினேன். கதவைச் சாத்தினார்.

"முதல் ரிசல்ட்டை நிதி தருபவர்களிடம் சொல்லியாகிவிட்டது. இது உன்னிடமே இருக்கட்டும். உன் ஒப்பந்தமும் அதே ஃபைலில்தான் போகிறது."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

அறிக்கை அனுப்பினேன். முதல் பிளேட் மட்டும். என்மேலேயே அருவருப்பு.

ஜூலை 18, வெள்ளி

வெயில் கொஞ்சம் தணிவு. ஒப்பந்தம் வந்துவிட்டது, இன்னும் ஒரு வருடம். நேப்பிள்ஸிலிருந்து ஒரு லேப் அந்தத் துண்டுகளைக் கேட்டதாம். என் கையாலேயே பொட்டலம் கட்டினேன்.

அக்காவிடம் ஒப்பந்தத்தை மட்டும் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுதார்.

"உனக்குச் சொல்லேல்லை, இது கிடைக்கவேணுமெண்டு நான் நேந்தனான். புனித ரொசாலியாவின்ரை மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடை ஏறுறன் எண்டு. ஞாயிறு விடியப் போறன். நீயும் வா, நன்றி சொல்லவேணும்."

சிஞ்ஞோராவைத் தூக்கித் தூக்கி அவர் முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

சரிக்கா என்றேன்.