ஆதரவு வரை படித்தேன்

ஜூன் 3, 2025

ஸ்நேகா பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்திரண்டு. தமிழில் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க்கை எங்கே பிடுங்கினார்களோ. சோனியா நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று எல்லாரும் சொல்கிறார்களாம், அவளே சொன்னாள். அன்பு டிப்ளமா முடித்து அப்ரண்டிஸ். மிஷினே அவன் பேச்சைக் கேட்கிறது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில் இப்படி மூன்று பேரப்பிள்ளைகள் உண்டா? பக்கத்து வீட்டுப் பூவம்மாளிடம் சொன்னேன். “காலைலயே சொன்னியேக்கா” என்றாள். நல்ல செய்தியை இரண்டு தரம் கேட்டால் காது தேயுமா?

மகன் இம்மானுவேலுக்கு இந்த வாரமும் மூன்று ஷிப்டுதான். இரும்புக் கம்பெனியில் ஆர்டர் இல்லையாம். போன மாதம் இருபதாம் தேதியே ரேஷன் அரிசி தீர்ந்தது. அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

ஜூன் 11

ஏதோ டிரஸ்டாம், சமுதாயக் கூடத்தில் அரிசி கொடுத்தார்கள். பேனரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். “ஆதரவ” வரை வந்தேன், அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. ஆதரவு நல்ல வார்த்தை. ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

காயத்ரி என்று ஒரு பெண் எழுதிக்கொண்டாள். “உங்களுக்கு யாரு பாட்டி சோறு போடுறாங்க?”

“எனக்கு யாரும் போட வேணாம்மா. நான்தான் எல்லாருக்கும் போடுவேன்.”

பாதிக்கு மேல் அவள் காதில் விழவில்லை போல. வேகமாக எழுதினாள். மற்றவர்கள் கைநாட்டு, நான் கையெழுத்து. சாராள் என்று முழுசாகப் போட்டேன்.

போட்டோ எடுக்கும்போது என் கிறிஸ்துமஸ் புடவையைப் பார்த்து, “இதவிடப் பழசு இல்லையா பாட்டி?” என்றாள். “எங்க ஊட்ல பழசெல்லாம் மிதியடி ஆயிடும்மா” என்றேன். சிரிக்கக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய், நான்கு பாக்கெட் மக்ரோனி.

ஜூன் 14

மக்ரோனியைப் புளிக்குழம்பில் போட்டேன். எல்லாரும் குழம்பை மட்டும் வழித்துக்கொண்டார்கள்.

ஜூன் 20

இம்மானுவேல் வந்து கை கால்கூடக் கழுவவில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே பெரிய பேனராம், அதில் நானாம்.

“கூட வேல செய்றவன் கேக்குறான்மா. ‘இன்னாபா, உங்கம்மாவுக்கு யாருமே இல்லியாமே, நீ இன்னா வாடகைக்கு வந்த புள்ளையா’ன்னு. எல்லாரும் சிரிக்கிறானுங்க.”

அதே பேனரை ஸ்நேகா போனில் தேடிக் காட்டினாள். நான் அழுகிற மாதிரி நிற்கிறேன். பல்லைக் கடித்தது அப்படி வந்திருக்கிறது.

“ஆதரவுன்னு நல்லாதானே போட்டுக்கீது?”

“ஆதரவு இல்ல ஆயா. ஆதரவு அற்ற.”

“அற்றன்னா?”

“அத்துப்போன.”

நான் படித்த ஐந்தாம் வகுப்பு வரை அந்த வார்த்தை வரவில்லை.

இம்மானுவேல் தட்டைத் தள்ளிவிட்டான். “நான் செத்துப்போனேன்னு குடுத்த அரிசி எனக்கு வேணாம்.” நானாடா சொன்னேன் அப்படி? எம்புள்ளய நானே அத்து உடுவேனா —

ஜூன் 22

இரண்டு நாளாக அவனுக்கு டீயும் பன்னும்தான். அந்த மூட்டையை விட்டால் வீட்டில் வேறு அரிசி இல்லை. அவனுக்கும் தெரியும். மருமகள் ஹெலன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம்தான் சத்தம் போடுகிறது.

ஜூன் 24

ஸ்நேகாவைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் டிரஸ்ட் ஆபீசுக்குப் போனேன். அதே காயத்ரிதான் இருந்தாள்.

“எனக்குக் குடும்பம் இருக்கும்மா. மாத்தி எழுது.”

“குடும்பம் இருந்தா லிஸ்ட்ல வராது பாட்டி.”

“ஏம்மா, குடும்பம் இருந்தா பசிக்காதா? ஆறு பேரா பசிக்கும்.”

நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்தி, “பேசாம இருங்க பாட்டி, மாசாமாசம் அரிசி வரும்” என்றாள்.

எனக்குப் பதில் பூவம்மாளைச் சேர்க்கச் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே யாரும் இல்லை. காயத்ரி கம்ப்யூட்டரைத் தட்டினாள். பூவம்மாள் ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறதாம், அதனால் முடியாதாம். அவன் அத்திப்பட்டுக்குப் போய் நான்கு வருஷம், ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. கார்டில் மட்டும் உட்கார்ந்துகொண்டு இருக்கிறான்.

“மேல கேட்டுப் பாக்குறேன். உங்க பேரை எடுக்கணுமான்னு யோசிச்சு சொல்லுங்க பாட்டி.”

“யோசிச்சா வயிறு ஜெயிச்சிடும்மா. இப்பவே அடி.”

அடித்தாள்.

ஜூலை 1

ரேஷன் அரிசி வந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். இம்மானுவேல் மறுசோறு கேட்டான். பானையில் இல்லை. இருந்தாலும் கேட்டான்.

ஜூலை 9

டிரஸ்டில் மற்றவர்களுக்கு இன்று அரிசி. என் பெயர் அன்றைக்கே போய்விட்டது, பேனர் மட்டும் போகவில்லை. காற்றில் கிழிந்து, என் ஒரு கண் மூடி மூடித் திறக்கிறதாம். “மா, கேட்டாண்ட போறவன் வர்றவனுக்கெல்லாம் கண்ணடிச்சிகினு கீறே” என்று இம்மானுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெறும் கஞ்சி குடித்த வயிறு.

சாயங்காலம் ஆறு பேரும் நின்று போட்டோ எடுத்தோம். பூவம்மாளும் ஓடி வந்தாள். நான்தான் தள்ளி நிற்கச் சொன்னேன். பக்கத்தில் நின்றால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள்.

நான் சொல்லச் சொல்ல ஸ்நேகா காயத்ரிக்கு அனுப்பியது:

“அம்மா காயத்ரி, அரிசி நின்றதைப் பற்றிக் கேட்கவில்லை. பூவம்மாள் விஷயம் மேலே கேட்டாயா? கேட் எதிரே இருப்பதைக் கழற்றிவிட்டு இந்தப் போட்டோவைப் போடவும். வலது கோடியில் இருப்பது என் மகன்.”