சேர்ந்த தேதி

சின்னவேடம்பட்டி,
25.1.2026

அன்புள்ள டேவிட்சனுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தருடைய தயவால் நானும் அப்பாவும் இங்கே சுகம், புனேயில் நீயும் கெசியாவும் குழந்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, நம் சர்ச்சில் கூரை வேலை முடிந்துவிட்டது. நல்ல சேதி இவ்வளவுதான். போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நவம்பரில் புதுத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து உன் மாமா கிளமென்ட்டுக்கு ஒரே பதற்றம். வேலை செய்கிற எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டுமாம். நான் சந்தோஷப்பட்டேன். மாமாவின் பம்ப் கம்பெனியில் என்னோடு சேர்த்து இருபத்து நாலு பேர், இதுவரை ஒருத்தர் கையிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கட்டுக் கவரை, நான் வருகைப் பதிவேடு எழுதுகிற மேஜையில் வைத்து, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிப்போடுங்க்கா என்றான். இங்கிலீஷில் இருந்தது, படிக்காமலே கொடுக்க ஆரம்பித்தேன், அது என் தப்பு. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற ஆமினா பீவி மட்டும் கையெழுத்துப் போடாமல் தன் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தாள். ஏனுங்க்கா, நான் இந்த ஜனவரி ஒண்ணாந்தேதிதான் வேலைக்குச் சேர்ந்தேனுங்களா, அப்ப பதினேழு வருசமா இங்க வந்துட்டுப் போனது ஆருங்க என்றாள். அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தேன். இதற்கு முன் இந்த நிறுவனத்தில் எந்தப் பணியும் செய்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன் என நாலாவது வரியில் இருக்கிறது. லேத்தில் இருபத்தாறு வருஷமாக நிற்கிற அங்கப்பன் அதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை வாங்கி அவர் எதிரிலேயே கிழித்தேன்.

நேரே கிளமென்ட்டிடம் போய்க் கேட்டேன். பழைய தேதி போட்டா வேலைய விட்டுப் போறப்ப அத்தனை வருசத்துக்கும் கிராஜுவிட்டிப் பணம் கேப்பாங்க்கா, இப்படிப் போடச் சொல்லி எழுதிக் குடுத்ததே உங்க பையன்தானுங்க, அவனையே கேட்டுக்குங்க என்றான். வீட்டுக்கு வந்து அப்பாவை உன்னிடம் கேட்கச் சொன்னேன். எல்லா கம்பெனியிலும் இப்படித்தான் என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாமே. எல்லோரும் செய்தால் அது சரியாகிவிடுமா? சட்டத்தில் ஒரு வரி ஏழைக்கு நல்லதாக வந்தால், அதை வைத்தே அவன் கழுத்தில் கயிறு போட எங்கே படித்தாய்? அதற்குத்தானா சரவணம்பட்டி காலேஜில் எம்.பி.ஏ., புனேயில் எச்.ஆர். வேலை? பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை அன்று காய்ச்சலில் கிடந்த உன்னை டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விட்டது அங்கப்பன்தான். அவர் இந்த மாதம்தான் நமக்கு அறிமுகமானவரா?

பழைய வருகைப் பதிவேடுகளையெல்லாம் பரணிலிருந்து இறக்கி வேலை நடக்கிற இடத்திலேயே வைத்தேன். அவரவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பக்கத்தைத் தேடித் தங்கள் பேரைப் பார்த்தார்கள். ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. கிளமென்ட் வந்து பதிவேட்டைக் கேட்டான், தரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை சாயந்தரம் வந்து, சரிங்க்கா, உங்க பையனையே மாத்தி எழுதித் தரச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன் என்றான். பதிவேடு என் கையில் இருக்கிறதே என்று பயந்துதான் சொன்னான், திருந்திச் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

இதோடு இருபத்து மூன்று பேர் பட்டியல் வைத்திருக்கிறேன், பேருக்கு நேரே சேர்ந்த தேதி இருக்கிறது. அந்த நாலாவது வரியை எடுத்துவிடு, கடிதத்தைத் தமிழில் அடி, பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். இனி யாருக்கும் இப்படி எழுதிக் கொடுக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்குக் குளிர் காட்டாதே. கர்த்தர் உன் கை வேலையை ஆசீர்வதிப்பாராக, அவர் ஆசீர்வதிக்கும்படியான வேலையாக அது இருக்கட்டும்.

இருபத்து நாலாவது கவரில் என் பேர் இருந்தது. ஜெபராணி, ஜனவரி ஒன்று, இதற்கு முன் எந்தப் பணியும் செய்ததில்லை. என் தேதியை மட்டும் பட்டியலில் எழுதவில்லை. நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது நீ எந்த வகுப்பு என்று உனக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் அதை நீயே எழுதி அனுப்பு.

உன் அம்மா,
ஜெபராணி