சமையலறை சீலிங்கில் பாதி

மார்ச் 3, செவ்வாய்
வலி: பத்துக்கு ஏழு. தினமும் மார்க் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் நான் வாங்காத மார்க்கையெல்லாம் கழுத்து வாங்குகிறது.

இன்றும் கதவுகளுக்குத்தான் பெயின்ட். முப்பது வருடம் சீலிங் அடித்தவனால் இரண்டு வருடமாக அண்ணாந்து பார்க்க முடியவில்லை. "அண்ணன் குனிஞ்ச தலை நிமிராத பிள்ளை" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள். நானும் சிரித்து வைத்தேன். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் பூரா சீலிங் வேலை. உங்களை எங்க போடுறதுன்னு தெரியலைண்ணே."

காலையில் கிளம்பும்போது வழக்கம்போலத் தெருவில் நின்று எங்கள் மூன்றாம் மாடிப் பக்கம் கையை மட்டும் ஆட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். முன்பெல்லாம் பால்கனியில் மனைவி நிற்பதைப் பார்ப்பேன். இப்போது நிற்கிறாளோ என்னவோ, கேட்டதில்லை.

மார்ச் 10, செவ்வாய்
கழுத்தில் ஊசி. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று இடத்தில் போட்டார்கள். குப்புறப் படுத்திருந்த என் கையை ஒரு நர்ஸ் கடைசி வரை விடவில்லை. அந்தம்மா நன்றாக இருக்கட்டும்.

பதினோரு மணிக்கு எழுந்தால் — வலியே இல்லை! ஃபேனை அண்ணாந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். "வீட்ல வழக்கமா செய்ற வேலையைச் செஞ்சு பாருங்க" என்றார் நர்ஸ். இன்னும் ஏதோ சொன்னார். என் காதில் ஏறினால்தானே?

எனக்கு வழக்கமான வேலை எது? ஏணியைப் போட்டு எங்கள் சமையலறை சீலிங்கை ஆரம்பித்துவிட்டேன். மனைவி ஏணியையும் பிடித்துக்கொண்டாள், திட்டவும் திட்டினாள். பாதி முடிந்தது. ஐந்து மணிக்கு, போன மச்சான் திரும்பி வந்த கதையாக, வலி வந்து நின்றது.

மார்ச் 11, புதன்
எட்டு. நானே கெடுத்துக்கிட்டேன். வேற யாரைச் சொல்ல?

மார்ச் 15, ஞாயிறு
ஏழு. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். சமைக்கிறவள் தலைக்கு மேலே பாதி வெள்ளை, பாதி கரி.

மார்ச் 19, வியாழன்
இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இந்த நோட்டைப் பிரித்து டாக்டர் முன் வைத்தாள்.

"ஆறு மணி நேரம் வலியே இல்லையா?" என்றார் அவர்.

"சீலிங் அடிச்சாரு டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தாள்.

டாக்டர் சிரித்தார். "அது மரத்துப்போற ஊசிங்க. சில மணி நேரம்தான் நிக்கும். வலி எங்கேயிருந்து வருதுன்னு பார்க்கப் போட்டது. சரியான இடம்தான்னு நீங்களே ஏணி ஏறிக் காட்டிட்டீங்க. நர்ஸ் சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர்" என்றார் வாசலில் நின்ற நர்ஸ். "இவரு ஃபேனையே பார்த்துட்டிருந்தாரு."

மார்ச் 26, வியாழன்
அதே இடத்தில், வீக்கத்தை அடக்கும் ஊசி. எத்தனை மாதம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். நின்றவரை லாபம். அதே நர்ஸ், அதே கை. இந்த முறை நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்தால் ஏணியைக் காணோம், பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 4, சனி
மூன்று. எழுதவே பயமாக இருக்கிறது, கண்பட்டுவிடும்.

ஏப்ரல் 12, ஞாயிறு
இரண்டு. டாக்டர் சரி என்றதும் ஏணி திரும்பி வந்தது. சீலிங்கின் மீதியை அடித்தேன். நடுவில் லேசாகக் கோடு தெரிகிறது. இன்னொரு கோட்டிங் கொடுத்தால் மறைந்துவிடும். "இருக்கட்டும்" என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்
காண்ட்ராக்டர் இன்று என்னை சீலிங்கில் போட்டார்.

காலையில் தெருவில் நின்று, பழக்கதோஷத்தில், குனிந்தபடியே கையை ஆட்டினேன். நாலடி நடந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி அண்ணாந்தேன். நின்றுகொண்டிருந்தாள், கையை ஆட்டிக்கொண்டே.

சாயங்காலம் கேட்டேன். "இந்த ரெண்டு வருஷமும் தினம் நின்னியா? நான் பார்க்கவே இல்லையே."

"நீங்க கை காட்டினீங்கல்ல?" என்றாள். "அப்ப மேலே ஒரு ஆள் நிக்க வேணாமா?"

நாளையிலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.