அப்பா தைச்ச உறை

அன்புப் பெரியவளுக்கு, அம்மா எழுதறேன்.

நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்கே எங்க உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் யாருக்கும் சரியில்லை. போன்ல சொல்லலாம்னா உங்கப்பா வந்து பக்கத்துலயே உட்கார்ந்துக்கறார், அதான் எழுதி போட்டோ எடுத்து அனுப்பறேன், படிச்சுட்டு அழிச்சுடு. இப்போ வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன், எதிர்வீட்டுக்காரர்.

உன் தம்பி வீட்டை விட்டுப் போயிட்டான். பதறாதே, அவனோட கேமராக்கார நண்பன் வீட்லதான் இருக்கான். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால வந்தது. வீடியோ எடிட்டிங் வேலைக்குன்னு உன் ரூமை ஒழிச்சுக் குடுத்தோமில்ல, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, ரெண்டு மானிட்டர், ரெண்டு ஸ்பீக்கர், நடுவுல இடுப்பை ஒடிக்கற கனத்துல ஒரு கேபினட். அதுக்குள்ளே ஒவ்வொரு பார்ட்டா வாங்கி அவனே பூட்டினான். கிராபிக்ஸ் கார்டை மட்டும் பஸ்ல கைக்குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு வந்தான். முதல்ல ஆன் பண்ணினப்போ ஒண்ணும் வரலை, அவன் முகம் செத்துப் போச்சு, அப்புறம் ராம்னு ஒரு சின்னப் பலகையைக் கழற்றி அழுத்தி மாட்டினதும் உயிர் வந்துச்சு. உங்கப்பா வாசப்படியிலயே நின்னு பார்த்தார், உள்ளே வரலை. தையல் கடையில தன் பக்கத்துல உட்கார வேண்டியவன் இப்படிப் போயிட்டானேன்னு ஆத்திரம், அப்படித்தான் நாங்க நினைச்சோம்.

அப்புறம் ஒருநாள் கோட்டுத் துணியில அந்தக் கேபினட்டுக்கு உறை தைச்சுக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் நாடா வச்சு பைப்பிங், அவ்வளவு கச்சிதம், எப்போ அளவெடுத்தார்னே தெரியலை. இவன் வாங்கி வச்சான், சிரிக்கக்கூட இல்லை, ரெண்டும் ஒரே அச்சு. அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே, கடையில ஒரு மெஷினை மூடாம வந்துட்டா பாதி வழியில திரும்பிப் போற மனுஷன்.

இவனுக்கு ஒரு விளம்பரக் கம்பெனி முதல்முதலா பெரிய வேலை குடுத்தது. வெட்டின வீடியோவையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்கறதுக்கு ரெண்டர்னு பேராம், மணிக்கணக்கா அதுவா ஓடும், இவன் திரையை அணைச்சுட்டு வெளியே போயிடுவான். வந்து பார்த்தா பாதியிலயே நின்னிருக்கும். கரண்டைத் திட்டினான், யூபிஎஸ்ஸை மாத்தினான், எல்லாத்தையும் கழற்றித் திரும்பப் பூட்டினான், சோறு தண்ணி கிடையாது. கடைசியா ஒருநாள் சீக்கிரம் வந்துட்டான். மத்தியானம் சாப்பிட வந்த உங்கப்பா, திரை இருட்டா இருக்கவும் வேலை முடிஞ்சுதுன்னு உறையை மாட்டி ஓரத்தை இழுத்து விட்டுக்கிட்டிருக்கார். உள்ளே ஃபேன் கத்துது, தையல் மெஷின் சத்தத்துல பாதி போன காது அவருக்கு, எங்கே கேட்கும்? தினமும் இதே கதைதான் நடந்திருக்கு, காத்துப் போகாம சூடேறி அதுவா நின்னு போயிருக்கு. சாயங்காலம் பெருக்கும்போது நான் உறையை எடுத்து உதறி மடிச்சு வச்சுடுவேன், அதனால அவன் கண்ணுல பட்டதே இல்லை.

உன் தம்பி அவரைப் பார்த்து, நான் கடைக்கு வரணும்னு வேணும்னே இதோட மூச்சை அடைச்சிருக்கீங்க, ஜெயிச்சுட்டீங்கப்பான்னு சொல்லிட்டான். அவர் கையில உறையோட நின்னார். தெரியாம செஞ்சார்டான்னு நான் கத்தினது யார் காதுலயும் விழலை. கேபினட், மானிட்டர் எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயிட்டான். வேலையை அங்கேயே முடிச்சுக் குடுத்துட்டானாம், அந்த நண்பன் சொன்னான். என் போனை எடுக்க மாட்டேங்கறான். எனக்கு இருப்புக் கொள்ளலை, அடுப்புல பாலை வச்சுட்டு வாசலுக்குப் போயிடறேன், ரெண்டு தடவை பொங்கி வழிஞ்சுது.

நேத்து உங்கப்பா கடையைச் சீக்கிரம் மூடிட்டு வந்தார். அந்தக் கேபினட் வந்த அட்டைப்பெட்டியைப் பரண்ல இருந்து இறக்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதுல இருந்த படத்தையே பார்த்தார். இதுக்குக் காத்து எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போகுதுன்னு என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும். இன்னிக்குக் காலையில பார்த்தா உறையை முன்னாடி, பின்னாடி, மேலேன்னு வெட்டி நெட் துணி வச்சுத் தைச்சு, காலி மேசை மேல விரிச்சு வச்சிருக்கார். அவன்கிட்ட சொல்லட்டுமான்னேன். வேண்டாம்னுட்டார்.

நீ கூப்பிட்டா எடுப்பான். புத்திமதி ஆரம்பிச்சுடாதே, கட் பண்ணிடுவான். ஒண்ணே ஒண்ணு கேளு போதும். நெட் வச்சா போதுமா, இல்ல ஓடும்போது மூடவே கூடாதான்னு அப்பா கேட்கறார்னு சொல்லு. அவர் அப்படிக் கேட்கச் சொல்லலைதான், ஆனா அந்த மேசையைப் பார்த்தா அவர் அதைத்தான் கேட்கறார்னு உனக்கும் தோணும்.

ரெண்டு பேரும் மனசு ஒத்து, நீண்ட நாள் நல்லா இருங்க. குளிர்ல தலைக்கு ஏதாவது கட்டிக்கோ. இதை அழிக்க மறக்காதே, அவனைக் கூப்பிட அதைவிட மறக்காதே.

வாசலையே பார்த்துக்கிட்டிருக்கற
உன் அம்மா