புகையில்லாத கரி

2026 ஜனவரி 3, சனி

மகள் ஏஞ்சல் நேற்று வந்துவிட்டாள். பேத்திக்கு இன்று பதினாறாம் நாள். போடியில் சம்பந்தியம்மா, "இந்தக் குளிர்ல மலைக்கா? பனி கழியட்டுமே" என்று இழுத்தார்கள். பிள்ளை பெத்தவளை, அதுவும் தலைப்பிரசவத்துக்கு, அம்மா வீட்டில் வைத்துப் பார்க்காமல் வேறு எங்கே வைப்பார்களாம்? நான் விடவில்லை. மருமகன் விஜய்ராஜ் ஜீப்பில் பையை ஏற்றினார்.

காலையில் தேயிலை மேலே உப்புக் கொட்டின மாதிரி உறைபனி. ஆபீஸ் தெர்மாமீட்டரில் மூன்று டிகிரி. நான் ஆயாவாக இருக்கிற எஸ்டேட் கிரச்சில், அதுதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், பதினோரு பிள்ளைகள். எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது, துடைத்துத் துடைத்து என் முந்தானைதான் நாறுகிறது.

ஜனவரி 5

அறையைத் தயார் செய்தேன். ஜன்னல் இடுக்கில் சாக்கு. ஏஞ்சல் காதில் பஞ்சு. பச்சை உடம்புக்காரிக்குக் காற்றே படக்கூடாது.

இது தோட்டத்து ஆட்களுக்கு வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டின லயத்து வீடு. புகைபோக்கி இருந்தது. அதன் வழியே குளிர் இறங்குகிறதென்று 95இல் என் வீட்டுக்காரர்தான் தகரம் அடித்து மூடினார். அடுத்த ஜனவரியிலேயே மூத்தவன் எபனேசர் போய்விட்டான். பத்தொன்பது நாள் பிள்ளை. குளிர் தாங்கவில்லை. முகம் மட்டும் நல்லா சிவந்து, தூங்குகிற மாதிரியே இருந்தான். அன்றைக்கு எனக்கும் தலையைத் தூக்க முடியவில்லை, ஒரே வாந்தி. துக்கம் என்றார்கள்.

இந்தப் பிள்ளைக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியக்கூடாது. கரியை வாசலில் வைத்து விசிறி, நன்றாகக் கனிந்து புகை அடங்கின பிறகுதான் சட்டியை உள்ளே கொண்டுபோகிறேன். புகை இருந்தால்தானே கெடுதல்?

இவர் வழக்கம்போலக் கதவை ஒரு சாண் திறந்து வைக்கிறார். நான் மூட, அவர் திறக்க. முப்பது வருஷமாக இதே ரோதனை. பீடி குடிக்கப் போகிற மனுஷனுக்குக் கதவைச் சாத்தத் தெரியாதா?

ஜனவரி 6

நாற்றுப் பண்ணையில் பனி அடிக்கிறது. நாற்றுக்கு மேலே பெரணித் தழை மூடவும், விடியுமுன் தண்ணீர் தெளிக்கவும் இவரை அங்கேயே இரண்டு நாள் தங்கச் சொல்லிவிட்டார் மேனேஜர் துரை. போகும்போது, "கதவை லேசாத் தொறந்து வையி பாக்கியம்" என்றார்.

"பிள்ளைக்குச் சளி புடிச்சா நீங்களா பாப்பீக?" என்றேன். ராத்திரி ஏஞ்சல் அறைக் கதவு காற்றில் திறக்காதபடி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இன்றைக்காவது அறை சூடாக இருக்கும்.

ஜனவரி 7

ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு ஆக்சிஜன். கர்த்தாவே.

ஜனவரி 8

பிள்ளை அழுதுவிட்டாள். இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

நேற்று விடிந்து கதவைத் தட்டினேன், ஏஞ்சல் எழவில்லை. தாழ்ப்பாளை நீக்கித் திறந்தேன். அவள் வாந்திக்குள் கிடக்கிறாள். பிள்ளை துணி மாதிரித் துவண்டு, முகம் சிவந்து— அந்தச் சிவப்பை நான் பார்த்திருக்கேனே. ஐயோ, நான் பார்த்திருக்கேனே.

டாக்டரம்மா யுவராணி முதலில் கேட்டதே, "ரூமுக்குள்ள கரி வச்சீங்களா?" என்றுதான். புகை இல்லையே என்றேன். கரியிலிருந்து வருகிற விஷக்காற்றுக்குப் புகையும் கிடையாது, வாசமும் கிடையாதாம். மூடின அறையில் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடுமாம். தலைவலி வரும், வாந்தி வரும், உடம்பு சிவக்கும் என்றார்.

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 10

ஆஸ்பத்திரி வராந்தாவில் இவரிடம் கேட்டேன். நம்ம எபனேசரும் இப்படித்தானா?

செருப்பைப் பார்த்தபடியே சொன்னார். "கம்பவுண்டரு அப்பவே தனியாக் கூப்புட்டுச் சொன்னாக. உங்கிட்டச் சொன்னா நீ உசுரோட இருந்திருக்க மாட்ட."

அவன் போன பிறகும் வருஷா வருஷம் நான் சட்டி வைத்தேன். ஏஞ்சல் பிறந்தபோதும் வைத்தேன். இவர் கதவைத் திறந்துகொண்டே இருந்தார். பீடிக்கு இல்லை. கதவைத் திறந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கக் கூடாதா? நான் வைக்கவே மாட்டேனே! பாவி மனுஷா. ஆனால் தாழ்ப்பாள் போட்டது யார்? நான்தான்.

ஜனவரி 14

ஏஞ்சலையும் பிள்ளையையும் போடிக்குக் கூட்டிப் போனார்கள். சம்பந்தியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பிள்ளையைக் கடைசியாக என் கையில் தருவார்களா என்று நின்றேன். ஜீப் கிளம்பிவிட்டது.

ஜனவரி 20

மறுபடி பனி, இரண்டு டிகிரி. கிரச்சுக்கு வந்த அம்மாமாரிடம் கரிச் சட்டியை உள்ளே வைக்காதீர்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிப் பார்க்கிறேன். சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் முத்துமாரியம்மாள் வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தைக்காரி. வாசலில் கரி விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மூத்தவன் குளிர்லதானக்கா போனான்? பொறகு சட்டியை வைக்காதங்கிறீக?"

"குளிர்ல போகல ஆத்தா. கதவைச் சாத்தி, சட்டிய வச்சு, நாந்தான் கொன்னேன்."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். உட்காரச் சொல்லவில்லை.

லயத்தில் பத்து வீட்டிலும் அதையே சொன்னேன்.

ஜனவரி 21

காலையில் லயத்தைச் சுற்றி வந்தேன். எல்லாச் சட்டியும் வாசலில் கிடந்தன. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

கிரச்சில் என்னிடம் பதினொன்றில் நான்கு பேரைத்தான் விட்டுப்போனார்கள்.